கல்மேட்டில் வழி தவறியவர்கள்

"இது எந்த ராஜா கட்டின கோயில், தம்பி?" என்று அந்த அம்மாள் கேட்டபோது எவெலியோ உய்காப் தம் உள்பனியனைப் பிழிந்துகொண்டிருந்தார்.

அம்மாள் குடை நுனியால் காட்டியது அவருடைய விறகுக் குவியலை.

எவெலியோ பனியனை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். காலையிலிருந்து விடாத தூறல். ஆரஞ்சு மரத்தடியில் கோழிகள் பேச்சு மூச்சில்லாமல் ஒடுங்கி நின்றன. கொல்லைச் சுவரில் கற்கள் சரிந்து கிடந்த இடைவெளி வழியாக அந்த அம்மாள் உள்ளே வந்திருந்தாள். பின்னாலேயே, கைத்தடியும் தானுமாக, நெட்டையாக ஒரு பெரியவர்.

"அது விறகும்மா."

"கேட்டீங்களா போலிகார்போ? விறகாம். ஆயிரம் வருஷத்து விறகு!"

"போன வாரம் நான் வெட்டினது. அம்மா, இது என் வீட்டுக் கொல்லை. கல்மேடெல்லாம் அந்தப் பக்கம். நீங்க வழி தவறிட்டீங்க."

"தவறிட்டோமா!" அம்மாள் மார்பில் கை வைத்தாள். "நாப்பது வருஷம் பிள்ளைகளுக்கு பூகோளம் சொல்லிக் குடுத்தவ நான். நானே தவறிட்டேனா?"

நெட்டைப் பெரியவர் வாயைத் திறந்தார். "எர்மிலா, நாம வந்தது என்னமோ..."

"நீங்க பேசாதீங்க. உங்களுக்கு மூச்சு வாங்குது." அம்மாள் கைப்பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து அவர் வாயில் வைத்துவிட்டாள். "தம்பி, உட்கார ஏதாவது இருக்கா? குடிக்கத் தண்ணி?"

எவெலியோ கிணற்றில் வாளியை இறக்கினார். வாளியோடு கொண்டுவந்து வைத்தார். எர்மிலா டீச்சர் வாளியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"மாட்டுக்கா?"

"கிண்ணமெல்லாம் உள்ள இருக்கும்மா. சமையல் குடிசையில. பூட்டியிருக்கு."

"திறந்தா ஆச்சு."

சொல்வது சுலபம். கொல்லை மூலையில் ஓலை வேய்ந்த அந்தக் குடிசையின் பூட்டை, மனைவி கிரிசாந்தாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று போட்டவர் எவெலியோ. போன கோடையில் போட்டது. அதற்குப் பிறகு அவர் சாப்பிட்டதெல்லாம் கடையில் வாங்கிய ஆறிய சோள ரொட்டி, அதுவும் நின்றுகொண்டே. ஆனால் தாகம் என்று வந்த ஒரு கிழவியை அனுப்பிவிடும் துணிச்சல் அவருக்கு இல்லை. அது தம்முடைய பலவீனம் என்றே அவர் நினைத்திருந்தார். கடவுள் அதை வேறு பெயரில் குறித்து வைத்திருக்கலாம்.

பூட்டு துருப்பிடித்திருந்தது. உள்ளே நுழைந்து, மூன்று கல் அடுப்பின் பக்கம் பார்க்காமல், இரண்டு சுரைக்கிண்ணங்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்து மறுபடியும் பூட்டினார்.

வயதானவர்களுக்காக அவர் போட்ட சுலபமான பாதைதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

ஊருக்கு வெளியே காட்டுக்குள் கிடக்கும் கல்மேடுகள், முன்னோர்கள் வாழ்ந்துவிட்டுப் போன ஊர். பெரிய பேருந்துகள் நிற்கிற இடமல்ல. முட்டி நன்றாக இருக்கிறவர்கள் மட்டும் வந்து, ஏறி, படம் எடுத்துக்கொண்டு போவார்கள். நுழைவாயிலில் உட்கார்ந்து சீட்டுக் கிழிப்பவர் நசாரியோ பெச். ஊர் நிலக்குழுவின் தலைவர். கிரிசாந்தாவின் அண்ணன். உள்ளே காவல் எவெலியோ.

மழை தொடங்கிய சமயத்தில் நசாரியோ கூப்பிட்டுச் சொன்னார்: "மாப்ளே, வயசானவங்க நடக்கிற மாதிரி ஒரு பாதை போடு. ஏத்தம் கூடாது, படி கூடாது, நிழல் இருக்கணும். கூட யாரும் போகாமலே அவங்களாப் போய்ட்டு அவங்களா வரணும்."

முன்னோர்கள் போட்டுவைத்த வெள்ளைப்பாதை ஒன்று ஏற்கெனவே காட்டுக்குள் நேராகப் போகிறது. எவெலியோ அதையே துப்புரவு செய்து, இருபுறமும் சுண்ணாம்பு அடித்த கற்களை வைத்து, கற்களில் அம்புக்குறி வரைந்தார். பந்தாட்டக் களம், நீர்க்குழி, சின்னக் கோயில், பிறகு பெரிய ரமோன் மரம். மரத்தடியில் பாதை பிரியும். இடது கை நுழைவாயிலுக்குத் திரும்பும். வலது கை எவெலியோவின் கொல்லைச் சுவருக்குப் போகும். அம்பு இடது கைக்குத்தான் போட்டிருந்தார். சத்தியமாக இடது கைக்குத்தான்.

அன்று மாலை நுழைவாயிலில் நசாரியோ தலை நிமிரவில்லை.

"ஒரு டீச்சரம்மா வழி தவறிட்டாங்களாமே."

"எப்படின்னு தெரியல மச்சான்."

"உனக்கு என்னதான் தெரியும்? செத்துப்போன பெரியவங்க ஆன்மா வீட்டுக்கு வர்ற நாளன்னிக்கு மெரிதா டவுன் கோயில்லேர்ந்து ஒரு முதியோர் கூட்டமே வருது. அந்த டீச்சரம்மாதான் கூட்டிட்டு வர்றாங்க. முன்கூட்டி பார்க்க வந்தவங்களே இப்படின்னா, அன்னிக்கு என்ன ஆகும்? இதோ பார் மாப்ளே. அன்னிக்கு ஒரே ஒரு ஆள் உன் கொல்லையில வந்து நின்னாலும், காவல் சாவியை என் கையில குடுத்துடு. என் மருமகன் சும்மாதான் இருக்கான். மோட்டார் வண்டி வேற வச்சிருக்கான்."

எவெலியோ கழுத்துக் கயிற்றில் தொங்கிய சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அடக்கத்துக்குப் பிறகு நசாரியோ அவர் வீட்டுப் படி ஏறவில்லை. பேசியதெல்லாம் வேலைப் பேச்சு. தங்கையைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று மனத்துக்குள் வைத்திருக்கிறார் என்பது எவெலியோவின் முடிவு. நசாரியோ அப்படிச் சொன்னதில்லை. வேறு எதுவும் சொன்னதுமில்லை.

அந்தச் சாவி போனால் விடிந்தது முதல் பொழுது அடையும்வரை வீட்டில் இருக்க வேண்டும். அந்தக் குடிசைக்கு எதிரே. அதுதான் எவெலியோவின் பயம். கல்மேட்டு உச்சியில் உட்கார்ந்தால் காடு மட்டும்தான் தெரியும். நடுப்பகலில் கோழிகளுக்குத் தீனி வைக்க மட்டும் கீழே இறங்கி வீட்டுக்கு வருவார்.

மறுநாள் காலையிலேயே அம்புகளை அழித்துவிட்டு இரண்டு மடங்கு பெரிதாக வரைந்தார். வலது கைப் பாதையில் கிடந்த வெள்ளைக் கற்கள் அத்தனையையும் பொறுக்கிச் சுமந்துவந்து இடது பக்கம் அடுக்கினார். முதுகு பிடித்துக்கொண்டது. முதுகைப் பிடித்தபடி நடுப்பகலில் வீட்டுக்கு வந்தால், ஆரஞ்சு மரத்தடியில் ஒரு குண்டு மனிதரும் அவருடைய தாயாரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"பந்தாட்டக் களம் ரொம்பச் சின்னதா இருக்கே," என்றார் குண்டு மனிதர், துணி உலர்த்தும் கொடியைப் பார்த்து.

"ஐயா, அது கொடி. இது என் வீடு. அம்பு அந்தப் பக்கமில்ல காட்டுது!"

"அப்படியா? நான் தேன் வியாபாரி. தேனீ பின்னாடி போய்ப் பழகின கண்ணு. அம்பெல்லாம் கண்ல படாது." சொல்லிவிட்டு அவர் தாயாரைப் பார்த்தார். தாயார் உடனே நெற்றியில் கை வைத்தாள்.

"தலை சுத்துதுடா."

"அம்மாவுக்குத் தலை சுத்துது. சூடா ஏதாவது குடுத்தா நின்னுடும். கொக்கோ இருக்குமா?"

கொக்கோ இருந்தது. கிரிசாந்தா இடித்துத் தகர டப்பாவில் போட்டு வைத்தது. எவெலியோ பூட்டைத் திறந்தார். இந்த முறை அடுப்பைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. சாம்பல் அள்ளப்படாமல் கிடந்தது. மழைச் சாரலில் அது களிமண் போல இறுகியிருந்தது. அவர் அதைக் கையால் வழித்து எடுத்தார். அடியில் பாதி எரிந்த ஒரு கட்டை கிடந்தது. கடைசியாகச் சமைத்த அன்று அவள் தண்ணீர் தெளித்து அணைத்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தார்.

"தம்பி, தலை இன்னும் சுத்துது," என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

அந்தக் கட்டையையே கீழே வைத்துத் தீ மூட்டினார்.

பக்கத்து வீட்டுத் தோமாசா சுவருக்கு மேல் தலையை நீட்டினாள். "எவெலியோ அண்ணே, புகை வருதே! வீடு பத்திக்கிச்சா?"

"அடுப்பு."

தோமாசா சிலுவைக் குறி போட்டுக்கொண்டு தலையை இழுத்துக்கொண்டாள்.

தேன்காரரின் தாயார் கொக்கோவைக் குடித்துவிட்டு, இனிப்புப் போதவில்லை என்றாள். மகன் வண்டியிலிருந்து ஒரு புட்டி தேனைக் கொண்டுவந்தார். மிச்சத்தை எவெலியோ குடிக்கும்வரை இருவரும் எழுந்திருக்கவே இல்லை.

மாலையில் நசாரியோ சொன்னார்: "மறுபடியுமா? நல்லா இருக்கு. மருமகனை வண்டிக்கு எண்ணெய் போட்டு வைக்கச் சொல்லிட்டேன்."

எவெலியோ காட்டில் இறங்கி முள்ளாக வெட்டினார். கொல்லைச் சுவரின் இடைவெளியில் நாய் நுழைய முடியாதபடி முள்ளைத் திணித்து அடைத்தார். கையெல்லாம் கீறல். இனி யார் வந்தாலும் வந்த வழியே போக வேண்டியதுதான்.

வந்தவர்கள் கன்னியாஸ்திரிகள். வயதான மூன்று பேர். அங்கியின் ஓரமெல்லாம் முள்.

எவெலியோவுக்கு அழுகை வந்துவிட்டது. "அம்மாமாரே, நீங்களுமா வழி தவறிட்டீங்க?"

இளைய இருவரும் தரையைப் பார்த்தார்கள். மூத்தவர் வானத்தைப் பார்த்தார்.

"காட்டின பக்கம் வந்தோம், மகனே," என்றார்.

"முள்ளைப் பார்க்கலியா?"

"பார்த்தோம். கர்த்தருக்கு முள்ளுலயே முடி வச்சாங்க. நமக்கு அங்கியிலதானே." மூத்தவர் ஒரு காலைத் தூக்கினார். "இது மட்டும் உள்ளே இறங்கிடுச்சு. ஊசியும் வெந்நீரும் வேணும்."

ஊசி குடிசையில், கிரிசாந்தாவின் தையல் கூடையில் இருந்தது. வெந்நீருக்கு மறுபடி அடுப்பு. வெளியே தூறல் வலுத்ததால் மூவரையும் குடிசைக்குள்ளேயே உட்காரவைக்க வேண்டியதாயிற்று. ஊசியில் கோர்த்திருந்த நீல நூல் அப்படியே இருந்தது. எவெலியோ நூலை உருவப் பார்த்து, மனம் வராமல், நூலோடேயே கொடுத்தார்.

முள் வந்த பிறகு மூத்தவர் மூலையில் கிடந்த அம்மிக்கல்லைத் தடவிப் பார்த்தார். "நல்ல கல். யாரோடது?"

"கிரிசாந்தாவோடது."

அந்தப் பெயரைச் சொல்லி எத்தனை மாதமாயிற்று என்று எவெலியோவுக்கே தெரியவில்லை. மூவரும் மெல்ல எழுந்தார்கள். அம்மியைக் கழுவி, ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டுப் போனார்கள். அவர்களைத் தெருவரை கொண்டுவிட்டு வந்தவர் குடிசையைப் பூட்ட மறந்துபோனார்.

இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? பூகோளம் படித்தவர், வியாபாரி, சாமிக்கு நேர்ந்துகொண்டவர்கள் என்று எல்லாரும் தவறுகிறார்கள் என்றால், தவறவைப்பவர்கள் இருக்கிறார்கள். கல்மேடுகளைக் காக்கிற குள்ளர்கள், ஆலுஷ்கள். முழங்கால் உயரம்தான் இருப்பார்கள். அவர்கள் கோபித்துக்கொண்டால் நேர்ப்பாதையிலும் ஆளைச் சுற்றவிடுவார்கள். பாதை போடும்போது எவெலியோ அவர்களுக்கு ஒன்றும் படைக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் அவர்களுக்கான படையல் கஞ்சியைக் காய்ச்சிக் கொடுத்தவள் கிரிசாந்தா.

தாமே காய்ச்சினார். சோளத்தை ஊறவைத்து, வேகவைத்து, அம்மியில் அரைத்துக் கரைத்தார். சுரைக்கிண்ணங்களில் ஊற்றி ரமோன் மரத்தடியில் வைத்து, முதலில் பரலோக மந்திரத்தையும் பிறகு குள்ளர்களுக்கான வேண்டுதலையும் சொன்னார். இரண்டு பக்கமும் மனக்கசப்பு வரக்கூடாது அல்லவா.

மறுநாள் நடுப்பகலில் கொல்லை நிறைய ஆட்கள். ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர்கள், ஒரு வேன் நிறைய.

"ஸ்டேஷன் மாறி இறங்கிட்டோம் போல," என்றார் ஒருவர். மற்றவர்கள் சத்தமாகச் சிரித்தார்கள். வழி தவறியவர்களுக்கு இவ்வளவு சந்தோஷம் எங்கிருந்து வருகிறது என்று எவெலியோவுக்குப் புரியவில்லை. அவர்களுக்குப் பசிவேறு.

எவெலியோ சோள ரொட்டி தட்டினார். ஒன்றும் வட்டமாக வரவில்லை.

"இது கியூபா," என்றார் பழைய ரயில் கார்டு ஒருவர், ரொட்டியைத் தூக்கிப் பிடித்து. "அது பிளவு பட்டிருக்கு பாரு, அது ரெண்டு தீவு."

"கருகினது எந்த நாடு?"

"அது நரகம். அதை டிரைவருக்குக் குடு."

தோமாசா பொறுக்க முடியாமல் சுவரேறி வந்துவிட்டாள். "தள்ளுங்கண்ணே. மாவைக் கொலை பண்றீங்க." கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து தட்டத் தொடங்கினாள். "என்னதான் ஆச்சு உங்க பாதைக்கு? தினமும் திருவிழாவா இருக்கு."

"நேத்து ஆலுஷ்களுக்குக் கஞ்சிகூட வச்சேன் தோமாசா. இன்னிக்கு முன்னைவிட மோசம்."

"நீங்களா காய்ச்சினீங்க? சோளத்தை எப்படி வேகவச்சீங்க?"

"எப்படி வேகவைப்பாங்க? சுண்ணாம்பு போட்டுத்தான்."

தோமாசாவின் கை நின்றுவிட்டது. "சுண்ணாம்பா! படையல் கஞ்சிக்கா! அண்ணே, சுண்ணாம்பு போட்ட சோளம் மனுஷங்க சாப்பிடறது. அவங்களுக்கு வெறும் தண்ணியில வேகவைக்கணும். மனுஷச் சாப்பாட்டை வச்சு வேண்டியிருக்கீங்க. அவங்க என்ன பண்ணுவாங்க பாவம்? மனுஷங்களா அனுப்பறாங்க!"

எவெலியோ கொல்லையைப் பார்த்தார். ரயில்வேக்காரர்கள் கியூபாவைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். தோமாசா சொல்வதில் நியாயம் இருப்பதாகவே பட்டது.

"எத்தனை கிண்ணம் வச்சீங்க?" என்றாள் அவள்.

"வீட்ல இருந்த எல்லாம்."

"கிழிஞ்சது."

போகும்போது தோமாசா குரலைத் தாழ்த்தினாள். "அண்ணே, ஆன்மா நாளுக்கு எல்லார் வீட்லயும் படையல் மேசை போட்டாச்சு. நீங்க..."

"இல்ல தோமாசா. இந்த வருஷம் வேணாம்."

"அண்ணி வருவாங்களே."

"வந்து என்னத்தைப் பார்க்க?" என்றார் எவெலியோ.

தோமாசா முந்தானையில் கையைத் துடைத்தாள். "சரி, ஒரு உதவி. என் கொல்லைக் குழி மழையில இடிஞ்சுபோச்சு. பீப் பொதி வேகவைக்க உங்க கொல்லையில தோண்டிக்கட்டுமா?"

பீப் இல்லாமல் அந்த நாள் இல்லை. சோள மாவுக்குள் கோழிக்கறியும் சிவப்புக் குழம்பும் வைத்து, வாழையிலையில் பொதிந்து, சுட்ட கற்களோடு குழியில் புதைத்து வேகவைப்பது. குழி இல்லை என்று கேட்பவளுக்கு மண்ணை மறுக்க முடியுமா? தோண்டிக்கொள் என்றார். கடைசியில் தோண்டியதும் அவர்தான்.

அந்த நாளும் வந்தது. ஊர் முழுக்கச் சுவர்களின் மேல் மெழுகுவர்த்திகள் வைத்திருந்தார்கள், வருகிற ஆன்மாக்களுக்கு வழி தெரிய வேண்டும் என்று. நாய்களைக் கட்டிப்போட்டிருந்தார்கள். எவெலியோவின் சுவர் மட்டும் வெறுமையாக, ஈரமாகக் கிடந்தது. கொல்லைக் குழியில் தோமாசாவின் பீப் பொதிகள் வெந்துகொண்டிருந்தன. தனக்கும் பிள்ளைகளுக்கும் என்றாள். ஒரு படைக்கே போதும் போலிருந்தது. எவெலியோவுக்கு அதைக் கவனிக்க மனமில்லை.

இனிக் கல்லையும் நம்புவதற்கில்லை, குள்ளர்களையும் நம்புவதற்கில்லை. ரமோன் மரத்தடியில், பாதை பிரிகிற இடத்தில், தாமே போய் நின்றார். வலது கைப் பாதையை முதுகால் மறைத்துக்கொண்டு இடது கையை நீட்டினார். எவனாவது இதற்கு மேல் தவறட்டும்.

தூறல் விழுந்தது. கை வலித்தது. யாரும் வரவில்லை. ஒரு உடும்பு வந்து, நீட்டிய கையைப் பார்த்து, இடது பக்கமே போயிற்று. எவெலியோவுக்குக் கொஞ்சம் நம்பிக்கை பிறந்தது.

அப்போதுதான் தோமாசாவின் குரல் காட்டைக் கிழித்துக்கொண்டு வந்தது. "அண்ணே! ஓடி வாங்க! கூட்டமே உங்க கொல்லையில!"

ஓடினார்.

கொல்லையில் நிற்க இடமில்லை. கைத்தடிகள், குடைகள், முக்காடுகள். மெரிதாவின் முதியோர் எல்லாரும் வந்துவிட்டிருந்தார்கள். நடுவில் எர்மிலா டீச்சர், அவள் பக்கத்தில் போலிகார்போ.

"நான் அங்கேயேதானே நின்னேன்!" எவெலியோவுக்கு மூச்சு முட்டியது. "மரத்தடியில! கையை நீட்டிக்கிட்டு! எப்படி வந்தீங்க?"

"வழி தவறிட்டோம் தம்பி," என்றாள் டீச்சர்.

"எப்படித் தவறினீங்க?"

"ரொம்ப."

போலிகார்போ வாயைத் திறந்தார். டீச்சரின் கை பைக்குள் போயிற்று. பிஸ்கட்.

எவெலியோ ஆரஞ்சு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். சாவி போயிற்று. நாளை முதல் இந்தக் கொல்லைதான், இந்தக் குடிசைதான்.

தோமாசா குழியின் மண்ணை விலக்கினாள். வாழையிலை கருகிய வாசனையோடு ஆவி எழுந்தது. முதியோர் கூட்டம் ஒரே நேரத்தில் மூக்கை உறிஞ்சியது. பொதிகளைப் பிரித்து வாழையிலையில் அடுக்கினாள். எல்லாரும் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருவரும் கை வைக்கவில்லை.

"சாப்பிடுங்க," என்றார் எவெலியோ. எப்படியும் போகிற மானம்.

"எப்படிச் சாப்பிடறது?" டீச்சர் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "இன்னிக்குப் பீப் முதல்ல அவங்களுக்குத்தானே. ஆவி அடங்கினப்புறம்தான் நமக்கு. மேசை எங்க தம்பி?"

"இங்க மேசை போடலம்மா."

"போடலயா?"

"இல்ல."

டீச்சர் கையைக் கட்டிக்கொண்டாள். எல்லாரும் கட்டிக்கொண்டார்கள். ஒரு பாட்டனாரின் வயிறு கொல்லை முழுக்கக் கேட்கும்படி சத்தம் போட்டது. தோமாசா கோழியைப் பார்த்தாள். பசியோடு உட்கார்ந்திருக்கும் கிழவர்களையும், ஆவி பறக்கும் பொதிகளையும், நடுவில் இல்லாத ஒரு மேசையையும் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? எவெலியோவால் முடியவில்லை.

குடிசைக்குள் போனார். கிரிசாந்தா மாவு பிசைகிற மேசையைத் தூக்கிவந்து ஆரஞ்சு மரத்தடியில் போட்டார். மறுபடி போய், அவள் நீல நூலால் பூவேலை செய்து பாதியில் விட்ட துணியை எடுத்துவந்து விரித்தார். பச்சைச் சிலுவை. ஒரு கிண்ணம் தண்ணீர். தோமாசா எங்கிருந்தோ மஞ்சள் பூக்களும் மெழுகுவர்த்திகளும் கொண்டுவந்தாள். கடைசியில் கிரிசாந்தாவின் படம். இருந்தது ஒன்றே ஒன்று, அடையாள அட்டைக்கு எடுத்தது. படமெடுத்தவன் சிரிக்காதே என்று சொன்னதால் வந்த கோபம் முகத்தில் அப்படியே இருந்தது.

"கோபமா இருக்காங்களே," என்றார் வயிறு சத்தம் போட்ட பாட்டனார்.

"தாமதமாப் போட்டதுக்கு," என்றார் எவெலியோ. அவரை அறியாமலே வந்தது. இரண்டொருவர் சிரித்தார்கள். கோடைக்குப் பிறகு அந்தக் கொல்லையில் அவர் சொன்ன முதல் வேடிக்கை அதுதான்.

முதல் பொதியை அவரே மேசையில் வைத்தார். எல்லாரும் ஜெபமாலை சொன்னார்கள். அறிமுகமில்லாத அத்தனை தொண்டைகளும் கிரிசாந்தாவின் பெயரைச் சொல்லி வேண்டிக்கொண்டன. பொதியிலிருந்து எழுந்த ஆவி படத்தை மறைத்தது, மெல்ல மெல்ல மெலிந்தது, அடங்கியது. எவெலியோ கண்ணைத் துடைத்துக்கொள்ள மறந்து நின்றார்.

அப்போது, அடைத்த முள் மிதிபட்டு விலகிக் கிடந்த சுவர் இடைவெளியில் நசாரியோ நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

எவெலியோ கழுத்துக் கயிற்றைக் கழற்றினார். "இந்தாங்க மச்சான். நீங்க சொன்னபடிதான் ஆச்சு. சாவி."

நசாரியோ சாவியைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தார்.

"இரு. வெறும் வயித்தோட ஒருத்தனை வேலையை விட்டு எடுக்கக்கூடாது. பாவம். முதல்ல சாப்பாடு போடு."

"யாரோட வயிறு மச்சான்?"

"என்னோடதுதான்."

எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, படத்துக்கு எதிரே உட்கார்ந்தார். எவெலியோ ஒரு பொதியைப் பிரித்து வைத்தார். நசாரியோ ஒரு வாய் வைத்தார். அதை விழுங்க வெகுநேரம் பிடித்தது.

"புகை," என்றார், கண்ணைக் கசக்கியபடி.

புகை வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது. எவெலியோ இன்னொரு பொதியை அவர் பக்கம் நகர்த்தினார்.

பிறகு, சாவியைக் கையில் பிடித்தபடி, முதியோர் கூட்டத்தின் நடுவில் வந்து நின்றார். போகிற வேலையை மரியாதையாக முடித்துவிட்டுப் போக வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

"பெரியவங்க எல்லாரும் என்னை மன்னிக்கணும். நான் போட்ட பாதை சரியில்ல. உங்களை வீணா அலைய விட்டுட்டேன்."

எர்மிலா டீச்சர் பதறிப்போய்க் கைப்பையைத் தேடினாள். ஆனால் அவளுடைய இரண்டு கைகளிலும் முழங்கை வரைக்கும் சிவப்புக் குழம்பு. அவள் துடைப்பதற்குள் போலிகார்போ வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, ஒரு வாரமாகச் சொல்ல நினைத்ததைச் சொல்லிவிட்டார்:

"பாதையா? அதுல நாங்க யாரும் கால் வைக்கவே இல்லையே தம்பி. சீட்டுக் கிழிக்கிற இதோ இவருதான் வர்றவங்களை எல்லாம் தெருவழியாவே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து உங்க கொல்லைச் சுவராண்ட விட்டுட்டு, 'எப்படியாவது அந்த அடுப்பை எரியவச்சிடுங்க, என் தங்கச்சி வரும்போது வீடு குளிர்ந்து கிடக்கக்கூடாது'ன்னு கும்பிட்டுட்டுப் போறாரு."